முக்கோணத்தில் சிக்கிய காந்தங்கள்

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் எல்லாரும் கேட்டதுதான். உள்ளே சுழல்வதற்கு ஒன்றுமில்லை; இருந்தும் சத்தம் ஓயாது. பெரும்பங்கு காரணம், அதன் நடுவில் அடுக்கியிருக்கும் சிலிக்கான் எஃகுத் தகடுகள். சுருளில் ஓடும் மின்சாரம் அவற்றைக் காந்தமாக்கும்போது தகடுகளின் நீளம் துளியூண்டு மாறுகிறது. காந்தம் தளர்ந்ததும் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ரீங்காரமோ 100 அதிர்வு. காந்தத்தின் வடதுருவம் எந்தப் பக்கம் இருந்தாலும் தகட்டுக்கு ஒன்றுதான் என்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அது நீண்டு மீள்கிறது.

இதை முதலில் அளந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். வெப்பத்துக்கும் வேலைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்த அதே ஜூல்தான். மான்செஸ்டரில் ஒரு பொதுச் சொற்பொழிவில் சொன்னது 1842இல் அச்சில் வந்தது. காந்தமாகும்போது இரும்பு நீள்கிறது, ஆனால் அதன் மொத்தப் பருமன் கூடுவதில்லை என்று அவர் கண்டார். இரும்பைத் தண்ணீர் நிரம்பிய குழாயில் அடைத்து, மேலே ஒரு நுண்குழலைப் பொருத்தி, நீர்மட்டம் ஏறுகிறதா என்று பார்த்தார்; ஏறவில்லை. நீளத்தில் கூடியதைத் தடிமனில் குறைத்துக்கொண்டு இரும்பு கணக்கை நேர்செய்துவிடுகிறது. ஜூலின் இந்த இரண்டாவது கண்டுபிடிப்பை அவையோர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்று பேசவிருக்கும் பொருள்கள் அந்த விதியைத்தான் மீறுகின்றன.

எவ்வளவு நீள்கிறது? இரும்பில் பத்து லட்சத்தில் சுமார் இருபது பங்கு. நிக்கல் நீள்வதற்குப் பதில் சுருங்கும். டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இரும்பு மூன்றையும் கலந்து 1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவாக்கிய டெர்ஃபெனால்-டி என்ற உலோகக் கலவை, பத்து லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு வரை நீளும். நீருக்கடியில் ஒலி எழுப்பும் சோனார் கருவிகளுக்காகச் செய்தது அது. பொறியியல் கல்லூரிப் பாடம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. விஷயத்தின் சுவையான பாதி இதற்கு அப்பால் இருக்கிறது.

சாதாரணக் காந்தத்தில் அணுக்களின் ஸ்பின்கள், அதாவது ஒவ்வோர் அணுவும் சுமக்கும் குட்டிக் காந்தங்கள், அண்டை அணுக்களோடு ஒத்துப்போய் ஒரே திசையில் நிற்கும். வேறு பல பொருள்களில் அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விரும்பும். சதுரக் கட்டங்களில் அணுக்கள் இருந்தால் இதில் தொல்லை இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சதுரங்கப் பலகை போல மாறி மாறி அமையும். முக்கோணத்தில்தான் சிக்கல். ஊரில் இருப்பது இரண்டே கட்சி. மூன்று பங்காளிகளும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் ஒரு கட்சி, இரண்டாமவர் மறு கட்சி. மூன்றாமவர் எங்கே போனாலும் அங்கே ஓர் எதிரி இருக்கிறார்.

முக்கோணங்களால் ஆன ஒரு பெரிய வலையில், மேல் அல்லது கீழ் என்று மட்டுமே திரும்பக்கூடிய ஸ்பின்களை வைத்தால், தனிச்சுழி வெப்பநிலை வரை குளிர்வித்தாலும் அவை ஒழுங்குக்கு வராது என்று 1950இல் கிரிகரி வானியர் கணக்கிட்டுக் காட்டினார். 1977இல் ஜெரார் துலூஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இத்தகைய நிலைமைக்கு ‘ஃபிரஸ்ட்ரேஷன்’ என்று பெயர் சூட்டினார். இந்த உரைக்கு ‘இக்கட்டு’ என்ற சொல் போதும்.

இக்கட்டில் மாட்டிய ஸ்பின்கள் என்ன செய்யும்? காகிதத்தில் போட்ட முக்கோணம் வளையாது. அதனால் வானியரின் ஸ்பின்களுக்கு வேறு வழியில்லை. உண்மையான படிகம் அப்படியில்லை. அதன் அணுக்கள் கொஞ்சம் நகர முடியும். முக்கோணத்தின் ஒரு பக்கம் குறுகி இன்னொரு பக்கம் நீண்டால் மூன்று பகைகளும் சம பலத்தில் இருக்காது; எதை விட்டுக்கொடுப்பது என்பது தானாகவே முடிவாகிவிடும். காந்தத்தால் தீர்க்க முடியாத வழக்கைப் படிகம் தன் வடிவத்தை மாற்றித் தீர்த்து வைக்கிறது.

இதற்கு அருமையான சாட்சி, குரோமியம் கலந்த ‘ஸ்பினல்’ என்ற படிகக் குடும்பம். இதில் குரோமியம் அயனிகள் நான்முகிகளின் மூலைகளில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மூலையையும் இரண்டு நான்முகிகள் பகிர்ந்துகொள்ளும். நான்முகியின் ஒவ்வொரு முகமும் ஒரு முக்கோணம் என்பதால் இக்கட்டு எல்லாத் திசையிலும் பரவியிருக்கிறது. துத்தநாகம், குரோமியம், ஆக்சிஜன் சேர்ந்த துத்தநாகக் குரோமைட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஸ்பின்களுக்கு இடையேயான இழுபறியின் வலிமையை வெப்பநிலை அளவில் சொன்னால் சுமார் 390 கெல்வின், தண்ணீரின் கொதிநிலைக்கும் மேல். இக்கட்டு இல்லாவிட்டால் அந்த அளவை ஒட்டிய வெப்பநிலையிலேயே ஸ்பின்கள் ஒழுங்குக்கு வந்திருக்கும். நடைமுறையில் அவை 12.5 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 260 செல்சியஸ் வரை, முடிவெடுக்காமல் தள்ளாடுகின்றன. அந்த 12.5 கெல்வினில் கனசதுரப் படிகம் ஒரு திசையில் சப்பையாகிறது. உடனே ஸ்பின்கள் வரிசைக்கு வருகின்றன. துத்தநாகத்துக்குப் பதில் காட்மியம் சேர்த்தால் இதே நாடகம் 7.8 கெல்வினில் நடக்கும். அங்கே படிகம் சப்பையாகாமல் ஒரு திசையில் நீள்கிறது.

துத்தநாகத்தின் இடத்தில் காட்மியத்தை வைக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. காட்மியம் அயனி பெரியது. அது உள்ளே வந்ததும் குரோமியம் அயனிகளுக்கு இடையேயான தூரம் சுமார் 2.94 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.04 ஆங்ஸ்ட்ராமாகிறது, மூன்று சதவீதச் சொச்சம்தான். ஆனால் இழுபறியின் வலிமை 390 கெல்வினிலிருந்து சுமார் 70 கெல்வினுக்கு விழுந்துவிடுகிறது. தூரத்தில் மூன்று சதவீதம், வலிமையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே! குரோமியத்தின் எலெக்ட்ரான் மேகங்கள் நேரடியாக ஒன்றையொன்று தொடுவதால் வரும் விளைவு இது. அணுக்கள் இம்மி நெருங்கினாலும் பகை பல மடங்காகிறது. அதனால்தான் இந்தப் பொருள்களில் காந்தமும் வடிவமும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன.

இப்போது வெளியிலிருந்து ஒரு வலுவான காந்தப்புலத்தைச் செலுத்தினால்? எல்லா ஸ்பின்களும் தன் திசைக்கே திரும்ப வேண்டும் என்று புலம் வற்புறுத்தும். புலம் ஏற ஏற ஸ்பின்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, காந்தமாதல் ஒரே சீராக உயர வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்பு. ஜப்பானில் ஹிரோயாகி உவேதாவும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் வெளியிட்ட காட்மியம் குரோமைட் அளவீடு அப்படி இல்லை. 28 டெஸ்லாவில் காந்தமாதல் திடீரென்று குதித்தது. உச்ச அளவின் சரிபாதிக்குப் போய், மேலே நகராமல் நின்றுவிட்டது. புலத்தை இன்னும் ஏற்றினாலும் வரைபடத்தில் ஒரு மேட்டுநிலம் போலத் தட்டையாகவே இருந்தது.

பாதியில் நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு நான்முகியிலும் மூன்று ஸ்பின்கள் மேலேயும் ஒன்று கீழேயும் நிற்பது. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு, நான்கில் பாதி. நான்முகிக்கு ஆறு விளிம்புகள். கீழ்நோக்கி நிற்கும் ஒற்றை ஸ்பினைத் தொடும் மூன்று விளிம்புகள் பகை விளிம்புகள், அவை குறுகும். மேல்நோக்கியவற்றை இணைக்கும் மற்ற மூன்றும் நீளும். அணுக்கள் நகரவே முடியாத படிகமாக இருந்தால் இந்த அமைப்புக்கு இவ்வளவு பிடிப்பு கிடைக்காது என்பதை கார்லோ பென்ஸ், நிக் ஷானன், ஹிரோயுகி ஷிபா ஆகியோர் 2004இல் வெளியான கணக்கில் காட்டினார்கள். அந்த மேட்டுநிலத்தைத் தாங்கிப் பிடிப்பது படிகத்தின் நெளிவு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 7.8 கெல்வினில் கனசதுர வடிவத்தை இழந்த காட்மியம் குரோமைட், 28 டெஸ்லாவைத் தாண்டியதும் அதைத் திரும்பப் பெறுகிறது. ஒவ்வொரு நான்முகியும் கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் கோணல்கள் நாலா திசையிலும் சமமாகப் பங்கிடப்பட்டு, வெளியிலிருந்து பார்க்கும்போது படிகம் மீண்டும் கனசதுரம். துடிப்புக் காந்தப்புலத்தில் எடுத்த எக்ஸ் கதிர் அளவீடுகள் இதை உறுதிசெய்தன.

புலம் ஏறி எல்லா ஸ்பின்களும் ஒரே திசைக்கு வந்துவிட்டால் எல்லா விளிம்புகளும் நீள விரும்பும். அப்போது படிகத்தின் பருமனே கூடுகிறது. ஜூலின் தண்ணீர்க் குழாயில் இதைப் போட முடிந்திருந்தால் நீர்மட்டம் ஏறியிருக்கும்.

28 டெஸ்லா என்றால் எவ்வளவு என்ற கேள்வி வரும். பூமியின் காந்தப்புலம் நம் தென்கோடியில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியில் ஒன்றரை அல்லது மூன்று டெஸ்லா. துத்தநாகக் குரோமைட்டின் எல்லா ஸ்பின்களையும் ஒரே திசைக்குக் கொண்டுவர 400 டெஸ்லாவைத் தாண்ட வேண்டும். காந்தப்புலம் வெறும் கோடுகள் அல்ல. அதற்கு அழுத்தமும் உண்டு. 100 டெஸ்லா புலம் தன்னை உண்டாக்கும் சுருளின் சுவரை ஏறக்குறைய 40,000 வளிமண்டல அழுத்தத்தோடு வெளியே தள்ளும். 1000 டெஸ்லாவில் அது பூமியின் மையத்தில் இருக்கும் அழுத்தத்தையும் மிஞ்சிவிடும். எந்தச் செம்புச் சுருளும் அங்கே உயிர் பிழைக்காது.

இதற்கு வழி, புலத்தை இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக மட்டும் வைத்திருப்பது. 1920களில் கேம்பிரிட்ஜில் பியோத்தர் கபிட்சா தொடங்கிவைத்த உத்தி அது. பெரிய ஜெனரேட்டரைச் சுழலவிட்டு, விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் அதைச் சுருளோடு இணைத்து 30 டெஸ்லாவுக்கு மேல் பெற்றார். இணைப்பின்போது ஜெனரேட்டர் கொடுக்கும் அதிர்ச்சி தரை வழியாகப் பரவிக் கருவிகளை ஆட்டிவிடும். அவர் செய்த தந்திரம் எளியது: சுருளை 20 மீட்டர் தள்ளி, கூடத்தின் மறுகோடியில் வைத்தார். அதிர்வு வந்து சேர்வதற்குள் அளவீடு முடிந்துவிடும். பொருள்களின் நீளம் காந்தப்புலத்தில் மாறுவதையும் அவர் அந்தக் கூடத்தில் அளந்து 1932இல் வெளியிட்டார். இன்றைய துறை முழுவதும் அந்த நீண்ட கூடத்தின் வாரிசுதான்.

இன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் உள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகம், சுருள் உடையாமலே 100 டெஸ்லாவை எட்டுகிறது. 2012 மார்ச்சில் 100.75 டெஸ்லா. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் காஷிவா வளாகத்தில் வேறு பாணி: ஒற்றை வளையச் செம்புச் சுருளில் மின்தேக்கிகளின் மொத்தச் சரக்கையும் ஒரே அடியாகக் கொட்டுவார்கள். சில மைக்ரோ விநாடிகளில் புலம் 150 டெஸ்லாவைத் தாண்டும். சுருள் வெளிப்பக்கமாக வெடித்துச் சிதறும். நடுவிலிருக்கும் படிகம் பெரும்பாலும் தப்பிவிடும். அங்கேயே 2018இல் புலத்தை அமுக்கிச் சுருக்கும் முறையில் 1200 டெஸ்லா எட்டியபோது பாதுகாப்புக் கூண்டின் கதவே பிய்த்துக்கொண்டு போயிற்று. செய்தித்தாள்கள் கதவைப் பற்றி எழுதின. எவ்வளவு புலம் என்பதைவிட, அந்தக் கண நேரத்தில் எதை அளக்க முடிந்தது என்பதுதான் அறிவியலுக்கு முக்கியம்.

அளப்பது லேசுப்பட்ட காரியமல்ல. சாதாரண ஆய்வகத்தில் படிகத்தின் நீளமாற்றத்தை இரண்டு உலோகத் தகடுகளைக் கொண்ட மின்தேக்கியால் அளப்பார்கள். படிகம் நீண்டால் தகடுகளின் இடைவெளி மாறும். மின்னல் வேகத்தில் மாறும் புலத்தில் உலோகம் எதை வைத்தாலும் அதில் மின்சாரம் தூண்டப்பட்டு அளவீடு பாழாகும். கைகொடுத்தது தொலைத்தொடர்புக்காரர்களின் கண்ணாடி இழை. வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் இழையைப் போன்றதுதான், குறுக்களவு 125 மைக்ரோமீட்டர். அதன் உள்மையத்தில், புறஊதாக் கதிரைக் கொண்டு, அரை மைக்ரோமீட்டருக்கு ஒன்றாகக் கோடுகள் எழுதிவிடுவார்கள். அந்த வரிசை ஒரே ஒரு நிறத்தை, சுமார் 1550 நானோமீட்டர் அலைநீளத்தை மட்டும், திருப்பி அனுப்பும். இந்த இழையை சில மில்லிமீட்டர் நீளப் படிகத்தின் மேல் ஒட்டிவிட்டால் போதும். படிகம் நீண்டால் கோடுகளின் இடைவெளியும் நீளும். திரும்பி வரும் நிறம் மாறும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு, நிறத்தில் ஒரு பிக்கோமீட்டர் அளவு மாற்றம். கண்ணாடிக்கு காந்தப்புலத்தைப் பற்றிக் கவலையில்லை.

இழையையும் படிகத்தையும் காந்தப்புலத்தையும் இணைத்த மூத்தவர் ஒருவர் நம்மிடையே இருந்திருக்கிறார். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1930களில் தாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்பும் விதத்தை அளந்தார். படிகத்தின் ஒவ்வொரு திசையிலும் காந்தப் பண்பு எப்படி வேறுபடுகிறது என்பதை அந்த முறுக்கு சொல்லியது. செலவு அதிகமில்லாத, ஆனால் அசாத்தியத் துல்லியமான முறை. அதற்குரிய புகழ் தமிழ்நாட்டில் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

லாஸ் அலமோஸ் குழு அந்தக் கண்ணாடி இழையை ஒட்டிய படிகங்களில் புகழ் பெற்றது ஸ்ட்ரான்சியம் காப்பர் போரேட். அதன் கதை ஒரு கணிதப் புதிரில் தொடங்குகிறது. 1981இல் இந்திய இயற்பியலாளர் ஸ்ரீராம் சாஸ்திரியும் பில் சதர்லாந்தும் ஸ்பின்களை ஒரு குறிப்பிட்ட விதத்தில் அடுக்கி, இக்கட்டு இருந்தும் விடை துல்லியமாகக் கிடைக்கும் ஒரு மாதிரியைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஸ்பின்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு ஜோடியும் பக்கத்து ஜோடிக்குச் செங்குத்தாகப் படுத்திருக்கும். ஜோடிக்குள் ஒன்றையொன்று முழுதாக ரத்துசெய்துவிடுவதால் மொத்தத்தில் காந்தமே தெரியாது. இப்படி ஒரு பொருள் உலகில் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஹிரோஷி ககேயாமாவும் கூட்டாளிகளும் 1999இல் ஸ்ட்ரான்சியம் காப்பர் போரேட்டின் செம்பு அயனிகள் ஏறக்குறைய அதே அடுக்கில்தான் இருக்கின்றன என்று காட்டினார்கள். கூடவே, அதன் காந்தமாதல் உச்ச அளவில் எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகிய இடங்களில் மேட்டுநிலமாக நிற்பதையும் கண்டார்கள்.

பின்னங்களில் நிற்பதற்குக் காரணம் மறுபடியும் இக்கட்டுதான். புலம் ஒரு ஜோடியை உடைத்தால் அங்கே ஒரு காந்தத் துகள் பிறக்கும். சாதாரணமாக அது அக்கம்பக்கம் தாவித் திரியும். இந்த அடுக்கில் நாலாபுறமும் இழுபறி சமமாக இருப்பதால் தாவ வழியில்லை. நகர முடியாத துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கோலம் போட்டது போல வரிசையில் உறைந்துவிடுகின்றன. கோலம் மாறும்போதெல்லாம் படிகத்தின் நீளமும் மாறும். 2012இல் மார்செலோ ஹைமே தலைமையிலான குழு 100.75 டெஸ்லா வரை இந்தப் படிகத்தின் நீளத்தை அளந்து, 73.6 டெஸ்லாவிலும் 82 டெஸ்லாவிலும் புதிய அசைவுகளைக் கண்டது. இரண்டாவது, நெடுநாள் எதிர்பார்த்திருந்த பாதி மேட்டுநிலம். முதலாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அது ஐந்தில் இரண்டு பங்கில் நிற்கும் மேட்டுநிலம். 2023இல் ஜப்பானில் தோஷிஹிரோ நொமுராவும் மற்றவர்களும் ஒலியலைகளையும் நீளமாற்றத்தையும் கொண்டு எல்லா ஸ்பின்களும் நிமிரும் 140 டெஸ்லாவையும் தாண்டிப் போனார்கள். பாதிக்கும் முழுமைக்கும் இடையில், துகள்கள் கோலமாக உறைந்தும் அதே சமயம் தடையின்றி ஓடியும் இருக்கும் விசித்திர நிலைகள் அவர்களுக்குத் தென்பட்டன.

இக்கட்டுக் காந்தத்துக்கு அரிய உலோகங்களைத் தேடிப் போக வேண்டியதுகூட இல்லை. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனே போதும். ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு குட்டிக் காந்தம். திரவ ஆக்சிஜனைக் காந்தம் இழுப்பதை 1891இலேயே ஜேம்ஸ் டூவர் லண்டனில் செய்துகாட்டினார். இன்னும் குளிர்வித்தால் அது உறையும். 24க்கும் 44க்கும் இடைப்பட்ட கெல்வினில் மூலக்கூறுகள் முக்கோண வலையாக அடுக்கப்பட்டிருக்கும், அசல் இக்கட்டு. இங்கே மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருக்கும் விசை மிகவும் பலவீனமானது. எதிரெதிர் ஸ்பின்களின் காந்த ஈர்ப்பே அதில் கணிசமான பங்கு. ஸ்பின்களைப் புலத்தால் நிமிர்த்திவிட்டால் அந்தப் பசை போய்விடும். 2014இல் காஷிவா குழு, 120 டெஸ்லாவுக்கு மேல் ஆக்சிஜன் முற்றிலும் புதிய திட நிலைக்கு மாறுகிறது என்று அறிவித்தது. அண்மையில் அகிஹிகோ இகேதாவின் குழு, கையடக்கமான ஒரு 100 டெஸ்லா கருவியை ஜப்பானின் சாக்லா எக்ஸ் கதிர் லேசர் நிலையத்துக்குக் கொண்டுபோய், 110 டெஸ்லாவில் இந்தப் படிகத்தை ஒரே மின்னல் நேர எக்ஸ் கதிரில் படம் பிடித்தது. நீட்சி சுமார் ஒரு சதவீதம். டெர்ஃபெனால்-டி எட்டும் உச்சத்தைப் போல ஐந்து மடங்கு. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லை.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: 100 டெஸ்லாவில் நீளும் பொருளை வைத்து வீட்டுக்கோ ஆலைக்கோ ஒரு கருவியும் செய்ய முடியாது. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. பல ஸ்பின்கள் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று இழுபறியில் இருக்கும் கணக்கு, இன்றைய பெரிய கணினிகளுக்கும் கடினமானது. கணக்குச் சரிதானா என்று பார்க்க இயற்கையில் விடை வேண்டும். அந்த விடையை 100 டெஸ்லாவுக்கு அப்பால் தரக்கூடிய முறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நீளத்தை அளப்பது அவற்றில் ஒன்று.

அவையில் இயற்பியல் மாணவர்கள் இருப்பார்கள். சாஸ்திரியும் சதர்லாந்தும் 1981இல் எழுதிய கட்டுரையைத் தேடிப்பிடித்துப் படியுங்கள். மொத்தமே இரண்டு பக்கம்தான். குவாண்டம் இயக்கவியலின் முதல் பாடம் படித்தவர்கள் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் முடித்துவிடலாம்.